ஆம்பூர்ப் பரணில் ஒற்றைக்கால் ஷூ: ஒரு படிவியல் ஆய்வு

தமிழில் எந்த ஆய்வேடும் மனிதன் குகையில் வாழ்ந்த காலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது மரபு. எனவே: மனிதன் குகையில் வாழ்ந்தான். குகைக்குப் பரண் கிடையாது. ஆகவே அவனிடம் பொருள் சேரவில்லை. இத்துடன் வரலாற்றுப் பின்னணி நிறைவுற்றது.

ஆய்வுக் களம் ஆம்பூரில் எங்கள் வீட்டுப் பரண். நீளம் பதினோரு அடி, அகலம் நாலு அடி, உயரம் ஆய்வாளரின் இடுப்புவலி அளவு. அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. அம்மா வேலூரில் அக்கா வீட்டுக்குப் போவதென்றும் இந்த வீட்டைக் கொடுத்துவிடுவதென்றும் முடிவானதால் ஆய்வுக்கான தேவை எழுந்தது. கருதுகோள்: “எல்லாம் குப்பை, தூக்கிப் போடு” (அண்ணன், வாட்ஸாப் வழி, ஸ்டுட்கார்ட்). எதிர்க் கருதுகோள்: “எவனாவது கை வச்சான்னா தெரியும்” (அம்மா, நேரில், கையில் துடைப்பத்துடன்). ஆய்வுச் சிக்கல்: இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஆய்வாளர்.

முன்னோர் ஆய்வுகளைச் சொல்லாவிட்டால் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார் என்பதால் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, ஜப்பானைச் சேர்ந்த மாரி காண்டோ அம்மையாருடையது. பொருளைக் கையில் எடு, மனம் மகிழ்ந்தால் வைத்துக்கொள், இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பு என்பது அவர் கொள்கை. இதை அம்மாவிடம் சோதித்தோம். ஒரு நசுங்கிய எண்ணெய்த் தூக்கைக் கையில் கொடுத்து, “மகிழ்ச்சியா இருக்காம்மா?” என்று கேட்டோம். “மகிழ்ச்சியா? இந்தத் தூக்குக்காகத்தான் உங்க அத்தை என்னை மூணு நாள் அழ வச்சா” என்றவர், முந்தானையால் துடைத்து மறுபடி பரணுக்கே ஏற்றச் சொன்னார். தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பொருள்கள் பகைக்காகவே பாதுகாக்கப்படுகின்றன என்பது ஜப்பானியக் கோட்பாட்டில் விடுபட்ட இயல். மூன்று பிள்ளைகள் பிறந்த பிறகு ஒழுங்குபடுத்துவதைக் கிட்டத்தட்டக் கைவிட்டதாக மாரி காண்டோவே 2023-ல் சொல்லிவிட்டார். ஆக, அவர் அம்மாவின் பள்ளியில் சேர்ந்துவிட்டார் என்று கொள்ளலாம்.

இரண்டாவது, போகி அன்று எல்லோரும் எடுத்துவிடும் அந்தச் சூத்திரம். பழையது கழிய வேண்டும், புதியது புக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு பாயைக் கொளுத்துகிறவர்களுக்கு ஒரு தகவல்: அது நன்னூலில் சொல்லதிகாரத்தின் கடைசியில் வருவது. பவணந்தி முனிவர் அங்கே பேசுவது வழக்கொழியும் சொற்களைப் பற்றி. பாயைப் பற்றியோ டயரைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொளுத்துவதன் பலனை அறிய விரும்புவோர் உ.வே.சா.வைப் படிக்கலாம். பழைய ஏடுகள் ஆடிப்பெருக்கில் ஆற்றோடும் ஹோமத்தில் நெருப்போடும் போன கதையை அவர் வயிறெரிந்து எழுதியிருக்கிறார். (“அவருக்கு இருக்கிற அறிவு உங்களுக்கு இல்ல”: அம்மா, மேற்படி துடைப்பம்.)

இனிப் படிவுகள். கரிமக் காலக்கணிப்புக்கு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்களைப் பார்த்து இரக்கப்படுகிறேன். எங்கள் பரணில் அரசாங்கமே காலம் குறித்து வைத்திருக்கிறது. மேலடுக்கில் ஆன்லைன் அட்டைப்பெட்டிகள். அதன்கீழ், 2011-ல் தொடங்கிய இலவச மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தின் பெட்டிகள் மூன்று. அதற்கும் கீழ் 2006-க்குப் பிந்திய இலவச வண்ணத் தொலைக்காட்சியின் பெட்டி. தொலைக்காட்சி எப்போதோ போய்விட்டது, பெட்டி இருக்கிறது. ஆட்சி மாறினாலும் அட்டை மாறுவதில்லை. இடையில் ஒரு குழப்பமான அடுக்கு உண்டு. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது தரையிலிருந்ததையெல்லாம் “ரெண்டு நாளைக்கு” என்று மேலே ஏற்றினோம். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. தண்ணீரில்லாத ஆறு என்று பாலாற்றைக் கேலி பேசியவர்களின் அரிசி மூட்டைகளும் அவரவர் பரணில் அப்படியே ஏறின என்று கேள்வி.

இன்னும் கீழே போனால் கடிதக் கட்டு. இங்கே முகவரியே கல்வெட்டு. வீடு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் கடிதங்களில் அது முதலில் வட ஆற்காடு மாவட்டம். 1989-ல் பிரித்த பிறகு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், அப்புறம் வேலூர் மாவட்டம், 2019-க்குப் பிறகு திருப்பத்தூர் மாவட்டம். நாடோடிகள்கூட இத்தனை முறை இடம் மாறியிருக்கமாட்டார்கள். எந்த மாவட்டத்துக் கடிதத்தை முதலில் போடுவது என்று கேட்டதற்கு, “கல்யாணப் பத்திரிகை எதுவும் போடக் கூடாது” என்று தீர்ப்பானது (அக்கா, கூடத்துச் சொற்பொழிவு, மாலை நாலு மணி, தேநீருக்கு முன்).

பிளாஸ்டிக் டப்பாக்கள்: மூடி கிடைக்கவில்லை. மேலாய்வு தேவை.

சாமி படங்கள்: ஆய்வாளருக்குத் துணிச்சல் இல்லை.

எவர்சில்வர் தூக்கு ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். அடியில் “க.மு. 1978” என்று வெட்டியிருக்கிறது. முதல் வாசிப்பு: யாரோ ஒருவரின் தலைப்பெழுத்து. இது எளிதாக இருப்பதாலேயே தள்ளத்தக்கது. இரண்டாம் வாசிப்பு: கல்யாணத்துக்கு முன். ஆனால் அம்மா கல்யாணம் 1982-ல். நாலு வருடம் முன்னதாகவே ஒருவர் அதை எதிர்பார்த்துப் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருக்க முடியுமா? முடியும் என்கிறார் பெரியம்மா (தொலைபேசி உரை, இரண்டாம் தொகுதி, ஏழாம் அழைப்பு, 43-வது நிமிடம், அடுப்பில் பால் பொங்கியதால் முற்றுப்பெறாதது). அக்காவின் முறையியல் வேறு. நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டுக்கு உரை சொல்லும்போது எங்கோ கிடக்கும் ஒரு சொல்லை எங்கோ கொண்டுபோய் மாட்டுவார் என்று பின்வந்தவர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். அவர்கள் எங்கள் அக்காவைக் கேட்டதில்லை. இந்தத் தூக்கின் கைப்பிடி வளைந்திருப்பதற்கும் எனக்குக் கணக்கில் மார்க் குறைந்ததற்கும் அவள் பதினைந்து நிமிடத்தில் தொடர்பு காட்டினாள். இதில் ஒரு கருத்தரங்கம் நடத்தலாம். நூற்றைம்பது கட்டுரை, தலைக்கு மூன்று பக்கம், பணம் கட்டினால் எண்ணோடு தொகுப்பு நூல், மதியம் சாம்பார் சாதம். தூக்கை யாரும் பார்க்க வேண்டியதில்லை.

நிற்க. ஆய்வின் உயிர்நிலைக்கு வருகிறேன்: ஷூ.

பரணின் கடைக்கோடியில் நாலு கோணிப்பையில் மொத்தம் 31 ஷூ. ஆணி அடித்த குதி, தையல் போட்ட மூக்கு, தொங்கட்டான் வைத்தது, பட்டை வைத்தது. 31-உம் வலது கால். இடது ஒன்றுகூட இல்லை.

இதற்குப் பொருளாதாரப் பின்னணி உண்டு. தாத்தா காலத்தில் இந்தப் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் கடுக்காய், ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய தோல் பாதிப் பதத்திலேயே கப்பலேறும். 1972-ல் சீதாராமய்யா குழு சொன்னதன்மேல் அந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. தோலாக அனுப்பாதே, பொருளாக அனுப்பு என்பது சாரம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் முழுப்பதம் போடவும், அப்பர் தைக்கவும், அப்புறம் முழு ஷூ செய்யவும் கற்றுக்கொண்டன. தாத்தா கடுக்காய் வாசனையோடு வீட்டுக்கு வந்தார். அப்பா பசை வாசனையோடு வந்தார். இரண்டு வாசனையும் பரணில் இருக்கின்றன. எது எந்த மூட்டை என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

அப்பாவுக்கு ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவு. ஒரு மாதிரி ஒப்புதலானதும் ஜோடியைப் பிரித்துவிடுவார்கள் என்று அவர் சொல்வார். ஒரு கால் வெளிநாட்டு வாங்குபவரிடம். மற்றது இங்கே ஆணியில் தொங்கும், ஆர்டர் முழுவதும் அதைப் பார்த்துச் செய்ய வேண்டும். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு அந்த ஒற்றைக்கால் யாருக்கும் வேண்டாம். விற்கவும் முடியாது, போடவும் முடியாது என்பதால் அதற்கு மட்டும் தாராளமாகக் கேட் பாஸ் கிடைக்கும். ஆக, எங்கள் பரணில் இருப்பது பாதிச் சேகரம்தான். மீதிப் பாதி ஐரோப்பாவில் எங்கோ கிடங்குகளில் இடது காலாகக் கிடக்கிறது. அரிய ஓலைச்சுவடிகளும் செப்புத் திருமேனிகளும் அயல்நாட்டில் இருப்பதற்குக் கண்ணீர் விடும் அறிஞர்கள் இந்த இடது கால்களுக்காக ஒரு தீர்மானம்கூடப் போட்டதில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

அளவைப் பற்றி ஒரு சொல். 31-உம் 42-ஆம் எண். ஐரோப்பிய அளவில் ஓர் எண்ணுக்கு மூன்றில் இரண்டு சென்டிமீட்டர். 42-ஐப் பெருக்கினால் 28 சென்டிமீட்டர் வரும், அதுதான் ஷூவை உருவாக்கும் கால்வடிவக் கட்டையின் நீளம். ஆங்கிலேயர் அளவு இன்னும் சிறப்பு. ஓர் எண்ணுக்கு ஒரு பார்லி மணி, அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. பார்லியால் அளக்கலாம் என்றால் ஆம்பூர்க்காரன் சீரகச் சம்பாவால் அளக்கக் கூடாதா என்று ஒரு ஷூவின் மேல் அரிசியை வரிசையாக அடுக்கத் தொடங்கினேன். இருபத்தேழாவது மணியில் பக்கத்து வீட்டு பாய் வீட்டிலிருந்து பிரியாணியும் கத்தரிக்காயும் வந்ததால் சோதனை நின்றது. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பதால் அந்தப் பாத்திரமும் இப்போது ஆய்வுப் பொருள்களோடு சேர்ந்துவிட்டது.

அப்பாவுக்கு 40-ஆம் எண். எனக்கும் 40. வீட்டில் 42 அண்ணனுக்கு மட்டும். பத்தாம் வகுப்பில் அவன் கால் அந்த எண்ணைத் தொட்டது. கோணியிலிருக்கும் 31-ல் ஐந்து, அந்த ஒரே வருடத்தில் வந்தவை. இதைத் தற்செயல் என்றே கருத வேண்டும், வேறு சான்று இல்லை. ஒரு பழுப்பு ஷூவை மாட்டிக்கொண்டு அவன் கூடத்தில் கெந்திக் கெந்தி நடந்ததும், “ஜெர்மனி போனா இதோட ஜோடிய வாங்கிக்கோடா” என்று அப்பா சொன்னதும் வாய்மொழி வழக்காறுகள். நாட்டார் வழக்காற்றியலாளர்களுக்கு விடுகிறேன்.

பழைய பேப்பர்க்காரரை அழைத்தோம். பேப்பர் எடுத்தார், இரும்பு எடுத்தார், இலவசப் பெட்டிகளைக்கூட எடுத்தார். கோணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “ஒரு காலுக்கு எவன் தம்பி வருவான்?” என்று தராசை மடித்தார். ஏன் இத்தனை வருடம் வைத்திருந்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். “இடது கால் வந்தா சேர்த்துக்கலாம்னுதான்” என்றார். முகத்தில் சிரிப்பில்லை. அன்றிரவு வீடியோ அழைப்பில் அண்ணனிடமும் சொன்னார்: “அங்கதானே இருக்கே, கடையில கேட்டுப் பாரேன்.” அண்ணன் பழைய கருதுகோளையே திருப்பிச் சொன்னான். அடுத்த மாதம் பத்திரப்பதிவுக்கு வந்தபோதும் வாசலில் நின்றபடி அதையே சொன்னான்.

கோணிகள் நாலும் அக்கா வீட்டுப் பரணுக்குப் போகின்றன. வேலூர்க் கோட்டையில் திப்புவின் குடும்பத்தை வைத்திருந்த மகால்களில்கூட இவ்வளவு மூட்டை இறங்கியிருக்காது என்கிறார் அக்கா வீட்டுக்காரர் (தனிப்பட்ட உரையாடல், மெல்லிய குரலில், அக்கா இல்லாதபோது).

பிழைத்திருத்தம்: இக்கட்டுரையில் ஷூக்களின் எண்ணிக்கை 31 என்று வரும் இடங்களில் 30 என்று திருத்தி வாசிக்கவும். கோணிகளை வண்டியில் ஏற்றுமுன் மறுபடி எண்ணியதில் பழுப்பு ஒன்று குறைந்தது. அண்ணன் முந்தின நாள் இரவு விமானம் ஏறினான். 23 கிலோவுக்கு மேல் போனதென்று பெட்டியிலிருந்து இரண்டு கிலோ பருப்புப்பொடியை எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.