கொசுறியல்: ஒரு தொடக்க ஆய்வு

கொசுறு என்பது எடை முடிந்து, விலை முடிவாகி, காசு கைமாறப்போகும் வேளையில், தராசுத் தட்டில் ஏறாமல் நேராக வாங்குபவரின் பைக்குள் விழும் பொருள். எடை முடியும் முன்பே விழுந்தால் அது சரக்கு. விலையில் இரண்டு ரூபாய் குறைந்தால் அது பேரம். கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது பைக்குள் போனால் அதற்குச் சட்டத்தில் வேறு பெயர். இந்த மூன்றையும் கழித்தபின் எஞ்சும் கறிவேப்பிலை, கொத்தமல்லி, நாலு பச்சைமிளகாய், ஒரு துண்டு இஞ்சி ஆகியவையே இத்துறையின் ஆய்வுப் பொருள். வீட்டுச் சிக்கனம் பற்றி எழுதுவோர் பருவகாலக் காய், மொத்த விலை, மாதாந்திர லிஸ்ட் என்று பெரிய கணக்குகளைப் பேசிவிட்டு இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தள்ளுவண்டிக்கு முன்னால் நிற்கும் எவரும் தாண்டிப் போவதில்லை.

சொல்லைத் தெலுங்குக் ‘கொசரு’வோடு சேர்த்துப் பார்ப்பது வழக்கம். அசலைவிடக் கொசரு இனிது என்று தெலுங்கில் ஒரு சொலவடை. பிள்ளைகளைவிடப் பேரப்பிள்ளைகள்மேல் பாசம் கூடிப்போவதற்குச் சொல்வது. தமிழில் அந்த அளவுக்கு உயரவில்லை. இங்கே பத்திரிகைக்காரர்கள் செய்தியின் வாலில் ‘கொசுறு’ என்று போட்டு இரண்டு வரி வம்பு எழுதுவதோடு சரி. அந்த இரண்டு வரியைத்தான் வாசகர்கள் முதலில் படிக்கிறார்கள் என்பதால் தெலுங்குக்காரர்கள் சொன்னது இங்கும் பொருந்தும்.

வேறு தேசங்களிலும் இது உண்டு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் இதற்கு ‘லான்யாப்’ என்று பெயர். தென்னமெரிக்கக் கெச்சுவா மொழியின் ‘யாப்பா’ ஸ்பானிய வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. மார்க் ட்வைன் 1883இல் வெளியிட்ட மிசிசிப்பி நூலில் அந்தச் சொல்லை வியந்து எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் ரொட்டி சுடுபவர்கள் பன்னிரண்டு கேட்டவருக்குப் பதின்மூன்று கொடுத்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் ரொட்டி எடைக்கு அங்கே சட்டம் வந்துவிட்டது. எடை குறைந்தால் தண்டனை என்ற பயம்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பயத்தில் கொடுத்ததைக் கொசுறு என்று ஒப்புக்கொள்வதற்கில்லை. கேட்டு வாங்குவதே இதன் உயிர்.

தமிழ்நாட்டில் கொசுறின் முன்னோடி படியின் வாயில் இருந்தது. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று கணக்கு கறாராகத்தான் ஓடியது. ஆனால் படியைத் தலைதட்டி அளப்பதா, கோபுரமாகக் குவியவிட்டு அளப்பதா என்பதில் கணக்குக்கு வேலை இல்லை. அளப்பவரின் மனசுக்குத்தான் வேலை. அளப்பவரும் லேசுப்பட்டவரல்ல. முதல் படியை ‘ஒன்று’ என்று எண்ணாமல் ‘லாபம்’ என்று எண்ணித் தொடங்கினார். லாபம், ரெண்டு, மூணு என்று போகும் அந்த எண்ணிக்கையில் லாபம் யாருக்கு என்பதை இரு தரப்பும் தத்தமக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டதால் வியாபாரம் தடையின்றி நடந்தது.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் முறை படிப்படியாக வந்தது. வீசையும் பலமும் போய்க் கிலோ உட்கார்ந்தது. இருந்தாலும் கைத்தராசு இருந்தவரை பெரிய நஷ்டமில்லை. காய் இருக்கும் தட்டு ஒரு விரல் தாழ்ந்தால் வாங்குபவரின் முகம் மலரும்; முள் நடுவில் நின்றால் “நல்லா நிறுத்துப் போடு” என்ற குரல் வரும். மின்னணுத் தராசு இந்தத் தாழ்வையும் ஒழித்துவிட்டது. 1.035 என்று சிவப்பில் எண் ஒளிர்ந்ததும் வியாபாரி ஒரு தக்காளியை எடுத்துவிட்டு அதைவிடச் சிறியதைத் தேடி வைக்கிறார். கிலோவுக்குள் ஒளிந்திருந்த தாராளத்துக்குத் தட்டில் இடமில்லாமல் போனது. அது முழுவதும் தட்டுக்கு வெளியே, கறிவேப்பிலையின்மேல் வந்து இறங்கியது. கொசுறு கேட்பது கூடிவிட்டது என்று வியாபாரிகள் அலுத்துக்கொள்வதற்கு இதைவிட நேரான விளக்கம் இல்லை.

கொசுறுக்கென்று தனி அளவைகள் உள்ளன. கறிவேப்பிலைக்கு இணுக்கு, கொத்து, கொத்தமல்லிக்கு நாலு தழை, மிளகாய்க்கு எண்ணிக்கை, நெத்திலிக்குப் பிடி. பூ மட்டும் விதிவிலக்கு. அதில் சரக்கின் அளவே முழம். முழங்கை முதல் நடுவிரல் நுனி வரை. கை யாருடையது என்று எந்த ஏட்டிலும் எழுதியில்லாததால் நெட்டைக் கைக்காரியிடம் பூ வாங்குவது எந்தக் கொசுறையும்விட ஆதாயம். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் மெட்ரிக் அல்லாத அளவுகளை ஏற்பதில்லை. பூக்கூடைக்கு முன்னால் அந்தச் சட்டம் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறது. மளிகைக்கடையில் சிறுவர்களுக்கு என்று ஒரு வகை உண்டு. வெல்லத் துண்டு, ஒரு பிடி பொட்டுக்கடலை. இது வழியிலேயே தீர்ந்துவிடுவதால் குடும்பக் கணக்கில் ஏறுவதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கும் தினசரி காலண்டரை இங்கே சேர்க்கலாமா என்பதில் தயக்கம் இருக்கிறது. கடையின் பெயரைத் தினமும் காலையில் பார்த்தபடி தாள் கிழிப்பது வாங்கியவர்தான்.

கொசுறு கேட்கும் முறையை ஒரு நிகழ்வின் மூலம் விளக்கலாம். மார்கழி மாதம், மாலை நாலரை மணி, தெருமுனையில் தள்ளுவண்டி. ஓரத்தில் ஈரச் சாக்குக்கு அடியில் கொத்தமல்லி. அறுபதைத் தாண்டிய அம்மாள் ஒருவர் முக்கால் கிலோ தக்காளியும் அரைக்கிலோ அவரைக்காயும் வாங்கிவிட்டு, பர்ஸைத் திறந்தபடியே “கறிவேப்பிலை போடுப்பா” என்கிறார்.

“போட்டாச்சும்மா.”

அவர் பைக்குள் கையை விட்டு எடுத்துப் பார்க்கிறார். “இது கறிவேப்பிலையா? வெறும் காம்பு.”

“மார்கழி மாசம்மா. கட்டு என்ன வெலை விக்குது தெரியுமா?”

“தெரியும், தெரியும். இன்னும் ரெண்டு இணுக்கு வை. மிளகாயும் போடு.”

வண்டிக்காரர் பெருமூச்சு விட்டபடி மூன்று மிளகாயை எடுக்கிறார். ஒன்றைத் திரும்பக் கூடையில் போடுகிறார். அம்மாளின் முகத்தைப் பார்க்கிறார். பிறகு அதையும் எடுத்துப் பைக்குள் போடுகிறார். இந்த மூன்றாவது மிளகாய் ஆராய்ச்சிக்குரியது. மூன்றையும் நேராகப் போட்டிருந்தால் அம்மாள் நாலாவது கேட்டிருப்பார். ஒன்று போய் மீண்டதால் கணக்கு அங்கேயே முடிந்தது. குளிர்காலத்தில் கறிவேப்பிலை துளிர்ப்பது குறைந்து விலை ஏறும் என்று வண்டிக்காரர் சொன்னது உண்மை. அந்த உண்மை எடுபடாததும் உண்மை. கொத்தமல்லியின் நிலை வேறு. அடைமழையில் அதன் விலை எகிறினால் அது ஈரச் சாக்குக்கு அடியிலிருந்து வெளியே வருவதே இல்லை. கேட்டால் “வரலைம்மா” என்று பதில் வரும். சாக்கின் ஓரத்தில் ஒரு தழை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாலும் நாகரிகம் தெரிந்தவர்கள் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை.

அம்மாள் பர்ஸைத் திறந்தபடி கேட்டதைக் கவனிக்க வேண்டும். பணம் கொடுத்தபின் கேட்பது இரப்பு. கொடுக்கும் முன் கேட்பது உரிமை. முன்பெல்லாம் பணம் கொடுத்தபின்னும் ஓர் இடைவெளி இருந்தது. வியாபாரி சாக்குக்கு அடியில் சில்லறை துழாவும் நேரத்தில் ஒரு இஞ்சித் துண்டு கேட்டு வாங்கிவிடலாம். 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாமல் போனபின்னும் ஒன்று, இரண்டு ரூபாய்க்குத் தட்டுப்பாடு இருக்கவே, “சில்லறை இல்லை, ரெண்டு மிளகாய் எடுத்துக்கோங்க” என்பது நடைமுறையானது. பல தெருக்களில் பச்சைமிளகாய் நாணயமாகப் புழங்கியது. சூப்பர் மார்க்கெட்டுகளில் அந்த இடத்தைப் பால்கோவா மிட்டாயும் சாக்லேட்டும் பிடித்தன. 2016இல் யுபிஐ வந்தது. நாற்பத்தேழு ரூபாய் என்றால் நாற்பத்தேழு ரூபாயே போகிறது. தொகை வந்துசேர்ந்தது என்று வண்டியில் தொங்கும் பெட்டி தெருவுக்கே கேட்கும்படி அறிவித்துவிடுகிறது. அதற்குப்பின் மிளகாய் கேட்க யாருக்கும் வாய் வருவதில்லை. கைதேர்ந்தவர்கள் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்துவிட்டு, ரகசிய எண்ணை அழுத்தும் முன் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறார்கள். பர்ஸ் திறந்திருந்த நிமிடம் இப்போது இவ்வளவாகச் சுருங்கியிருக்கிறது.

வியாபாரி ஏன் கொடுக்கிறார்? விலையில் ஐந்து ரூபாய் குறைத்தால் அவருக்கு ஐந்து ரூபாய் நஷ்டம். கட்டுக்கணக்கில் வாங்கிய கறிவேப்பிலையில் ஒரு கொத்து அவருக்கு ஒரு ரூபாய் அடங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அதையே கடையில் ஐந்து ரூபாய்க்கு வாங்க வேண்டியவருக்கு ஐந்து ரூபாய் கிடைத்த சந்தோஷம். ஒரு ரூபாயில் ஐந்து ரூபாய்க்கான நல்லெண்ணம் வேறெந்த முதலீட்டிலும் வராது. அந்த ஒரு ரூபாயும் தக்காளி விலைக்குள் முன்பே ஏறி உட்கார்ந்திருக்கிறது. இது வாங்குபவருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கிறார். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையில் விலையை அதிகாரிகள் நிர்ணயித்துப் பலகையில் எழுதிவிடுகிறார்கள், பேரத்துக்கு இடமில்லை. ஆனால் பலகையில் கொசுறுக்கு என்று ஒரு வரிசை கிடையாது. அதனால் பேச வேண்டியதையெல்லாம் அங்கே கறிவேப்பிலையிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

மிச்சம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒருமுறை கிடைக்கும் கொசுறு பத்து ரூபாய் பெறும் என்று கொண்டால், வாரம் மூன்று முறை, 52 வாரத்துக்கு 1,560 ரூபாய். இந்தத் தொகையைக் கேட்டதும் மலைக்க வேண்டாம். கால் கிலோ வெங்காயம் மட்டும் வாங்கிவிட்டுக் கறிவேப்பிலை கேட்க முடியாது, முகம் வேண்டும். அந்த முகத்துக்காக வாரம் ஒரு சுரைக்காய் சேர்த்து வாங்கப்படுகிறது. சுரைக்காய் 25 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 1,300. நிகர மிச்சம் 260 ரூபாய். இதிலும் கறிவேப்பிலையின் பின்கதையைக் கழிக்க வேண்டும். பழையது தீரும் முன் புதியது வந்துவிடுவதால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் அது அடுக்கடுக்காகப் படிகிறது. மேலே பச்சை, நடுவில் மஞ்சள், அடியில் கறுப்பு. மண்ணடுக்கு ஆராய்ச்சியாளர் ஒருவர் வந்தால் அந்த வீட்டில் எந்தெந்தக் கிழமை காய் வாங்கினார்கள் என்று சொல்லிவிடுவார். தாளிக்கும்போது அடியில் இருப்பதைத் தீர்ப்போம் என்று எவரும் கையை நீட்டுவதில்லை. மேலே இருப்பதே கைக்கு வருகிறது.

சூப்பர் மார்க்கெட் இத்துறைக்குப் பெரும் பின்னடைவு. அங்கே கறிவேப்பிலை பிளாஸ்டிக் உறைக்குள் பார்கோடோடு இருக்கிறது. காய்ப் பிரிவில் நிறுத்ததும் இயந்திரம் ஒரு ஸ்டிக்கரைத் துப்புகிறது. அதை ஒட்டியபின் பைக்குள் ஒரு இணுக்கு வைப்பதும் குற்றம், எடுப்பதும் குற்றம். ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பதைக் கொசுறின் வாரிசாகச் சிலர் காட்டுகிறார்கள். கேட்காதவருக்கும் கிடைக்கும் ஒன்றை அப்படிச் சொல்ல முடியாது. 2024 மே மாதம் நடந்ததுதான் சிக்கலானது. பிளிங்கிட் செயலியில் காய்கறி வாங்கியபோது கொத்தமல்லிக்குக் காசு போட்டதில் தம் தாயார் அதிர்ந்துபோனதை மும்பைக்காரர் ஒருவர் எக்ஸ் தளத்தில் எழுதினார். காய்கறியோடு இலவசமாகக் கொடுக்கச் சொல்லி அந்தத் தாயார் யோசனையும் தந்தார். பிளிங்கிட் தலைவர் அதை ஏற்றுக் கொத்தமல்லியை இலவசமாக்குவதாக அறிவித்தார். கேட்டது ஒரு தாய். கிடைத்தது வாங்கியவர் அனைவருக்கும். முதல் பொட்டலம் கொசுறு, மற்றவை சலுகை என்று பிரித்துக்கொள்வதே இப்போதைக்கு வழி.

இத்தனை இலக்கணத்துக்கும் விலக்காக, கேட்காமலே விழும் கொசுறும் உண்டு. பல வருஷ வாடிக்கைக்குப்பின் வண்டிக்காரரே கறிவேப்பிலையை முதலில் போட்டுவிட்டுப் பிறகு தராசைத் தொடும் நிலை அது. அந்த நிலைக்கு வந்தவர்களும் “கொஞ்சம் தாராளமா வைப்பா” என்று ஒரு வார்த்தை சொல்லாமல் நகர்வதில்லை. கொல்லையில் கறிவேப்பிலை மரம் வைத்திருப்பவர்களும் வண்டியில் கொசுறு கேட்கிறார்கள். கேட்டு வாங்கி வந்து, கொல்லைக் கதவைத் திறந்து, தாளிப்புக்கு மரத்திலிருந்தே பறித்துக்கொள்கிறார்கள். அந்த மரத்தில் பறிக்க வரும் பக்கத்து வீட்டாருக்கு எத்தனை இணுக்கு தருவது என்பது கொசுறியலின் எல்லைக்குள் வராது. அங்கே எடை இல்லை, விலை இல்லை. மரத்துக்காரம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் உண்டு.