மைனஸ் ஆறு பவர் ஆலோசகர்

அமெரிக்காவில் பனி கொட்டுகிற ஊர்களில் மேல்துணி, நடுவே பஞ்சு, அடித்துணி என்று மூன்றடுக்காகத் தைத்த குவில்ட்டைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள். மதுரையில் மே மாதம் அதைப் போர்த்திப் படுத்தால் காலையில் ஆளை எழுப்ப வேண்டியதில்லை, இறக்கி வைத்தால் போதும். போர்வை வேண்டாம், டிசைன் போதும் என்று என் மனைவி அந்தக் கட்டங்களையும் முக்கோணங்களையும் கிராஃப் தாளில் வரைந்து, குஷன் உறைக்கு கிராஸ் ஸ்டிச் போடுகிறாள்.

கட்டம், கணக்கு என்று வந்தபின் நான் சும்மா இருப்பேனா? ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணி. உறை 10 அங்குலச் சதுரம். 140-ஐ 140-ஆல் பெருக்கினால் 19,600 தையல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாய்வு, ஆக 39,200.

"தைக்கப் போறது நீங்களா?"

கால்குலேட்டரை மூடினேன்.

எடுத்த டிசைன் லாக் கேபின். நடுவில் சின்னச் சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள். மூலைவிட்டத்துக்கு ஒரு பக்கம் வெளிர் நிறங்கள், மறுபக்கம் அடர் நிறங்கள். நடுச் சதுரம் வழக்கமாகச் சிவப்பு. வீட்டின் கணப்பு அடுப்பைக் குறிப்பது என்பார்கள். "நம்ம அடுப்பு காஸ். நீலமால்ல எரியுது?" என்று கேட்டேன். பதில் இல்லை. அரக்கு நூல் ஊசியில் ஏறியது.

'குடிகாரன் பாதை' என்றே ஒரு குவில்ட் டிசைன் உண்டு, முழுக்கக் கால்வட்ட வளைவுகள். அதைச் சிபாரிசு செய்தேன். "கட்டத் துணியில வளைவு படிக்கட்டாத்தான் வரும். குடிச்சவன் படிக்கட்டுல ஏறினா என்ன ஆகும்?" என்றாள். அதுவும் சரிதான்.

நூல் கம்பெனிக்காரர்கள் ஏறக்குறைய 500 நிறம் விற்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஏழு, 'ஒரு மாதிரி பச்சை'யையும் சேர்த்து. கிளிப்பச்சை, ராமர் பச்சை, பாசிப்பச்சை மூன்றையும் நீட்டிக் கேட்டபோது, புடவைக் கடைகளில் பயின்ற வாக்கியத்தைச் சொன்னேன்: "மூணுமே நல்லாத்தான் இருக்கு."

அலபாமாவின் ஜீஸ் பெண்டில் கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளை வெட்டித் தைத்த போர்வைகள் 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. 2006-இல் தபால்தலையிலும் ஏறின. என் பொது அறிவைக் காட்ட இதைச் சொல்லிவைத்தேன். அன்று முதல் என் லுங்கிகளை அவள் பார்க்கும் பார்வை சரியில்லை.

ஆனால் ஒரு வேலைக்கு நான் இல்லாமல் முடியாது. இந்த டிசைன்களுக்கு உயிர் நிறத்தில் இல்லை, வெளிருக்கும் அடருக்கும் உள்ள வித்தியாசத்தில். பச்சையும் சிவப்பும் கிட்டத்தில் சண்டை போடும். அடர்த்தி ஒன்றாக இருந்தால் தள்ளி நின்று பார்க்கும்போது இரண்டும் சேறாகக் குழம்பிவிடும். அதைக் கண்டுபிடிக்கக் கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டும். எனக்கு இடுக்கவும் வேண்டாம். பவர் மைனஸ் ஆறு. வண்ணமடித்த தாளைப் பிரிட்ஜில் ஒட்டுவாள், "கண்ணாடியைக் கழட்டுங்க" என்பாள். "இடது மூலையில ரெண்டு பட்டை ஒண்ணாப் போச்சு" என்பேன். உடனே மாற்றுவாள்! இந்த வீட்டில் என் சொல் அமலுக்கு வருகிற ஒரே துறை இது. செல்போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்தாலும் இதே விஷயம் தெரிந்துவிடும். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

போன வாரம் கண் டாக்டர், "புரை ஆரம்பிச்சிருக்கு. ஆபரேஷன் பண்ணி லென்ஸ் வெச்சா தூரப் பார்வைக்குக் கண்ணாடியே வேண்டாம்" என்றார். எனக்கு முன்னால் அவள் பதில் சொன்னாள்.

"இன்னும் மூணு உறை பாக்கி இருக்கு, டாக்டர்."