கூடம் கோணல்தான்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழியைச் சொன்னவர் பழைய கிடார் வாங்கிப் பழக்கப்பட்டவர் இல்லை. கூடம் சில சமயம் நிஜமாகவே கோணலாகத்தான் இருக்கும். நான் அளந்தே பார்த்திருக்கிறேன்.

நாற்பத்தாறு வயதில் எலெக்ட்ரிக் கிடார் எதற்கு என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் கவலையாக இருந்தது. புதிதாக வாங்கலாம்தான். ஆனால் ஹார்மோனியம், புல்லாங்குழல், யோகா பாய் என்று நான் பாதியில் விட்டவை ஏற்கெனவே பரணில் இருக்கின்றன. பழசாக வாங்கினால் நஷ்டமும் பாதிதானே.

பெரம்பூரில் மெல்லிசைக் குழுக்காரர் ஒருவர் கீபோர்டுக்கு மாறிவிட்டதால் கிடாரை விற்கிறார் என்று தெரிந்தது. கறுப்பு நிறம், ஸ்ட்ராடோகாஸ்டர் வடிவம். ஃபெண்டர் கம்பெனி 1954-ல் கொண்டுவந்த அந்த உருவத்தைத்தான் மலிவு கிடார் செய்கிறவர்கள் இன்றுவரை அச்சடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெறுங்கையோடு போகவில்லை, பாடம் படித்துவிட்டுத்தான் போனேன். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்கிறோம், தேங்காயைத் தட்டிப் பார்க்கிறோம். கிடாருக்கும் அப்படிச் சில உண்டு. தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீளவாட்டில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கம்பியையும், கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டையான ஃபிரெட் ஒவ்வொன்றிலும் அழுத்தி, எங்காவது ஒலி செத்துப்போகிறதா என்று கேட்க வேண்டும். ஃபிரெட்டில் கம்பி அறுத்த பள்ளம் இருக்கிறதா என்று நகத்தால் தடவ வேண்டும். ஆழமாக இருந்தால் வேண்டாம், ஃபிரெட் மாற்றும் கூலி கிடார் விலையைத் தாண்டிவிடும். வால்யூம் குமிழ் கரகரத்தாலோ ஜாக் ஆடினாலோ பயமில்லை. கழுத்து முறுக்கியிருந்தால் மட்டும் கும்பிடு போட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும்.

இத்தனையும் மனப்பாடமாக வைத்திருந்தவன் அங்கே போய் வாயைத் திறந்ததும் சொன்னது, "கலர் நல்லா இருக்கு." அதற்கு மேல் பேரம் எங்கே படியும்? 7,000 கேட்டார், 6,800-க்கு முடிந்தது. பழைய 10 வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை இனாமாகக் கொடுத்தார்.

"சின்னதா ஒரு செட்-அப் பண்ணிட்டா போதும் சார்."

'சின்னதா' என்ற சொல்லை வீட்டுத் தரகரும் பல் டாக்டரும் கிடார் விற்பவரும் ஒரே பொருளில்தான் பயன்படுத்துகிறார்கள்.

அம்மா சின்ன வயதில் வீணை கற்றவள். உறையைப் பிரித்ததும், "என்னடா பலகை மாதிரி இருக்கு? குடம் எங்க?" என்றாள்.

"இதுக்குக் குடம் கிடையாதும்மா."

"குடம் இல்லாம நாதம் எங்கேர்ந்து வரும்?"

நியாயமான கேள்வி. விளக்கினேன். கம்பிகளுக்கு அடியில் காந்தம். அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. இதற்குப் பெயர் பிக்கப். எஃகுக் கம்பி மேலே அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். மீதியை ஆம்ப்ளிஃபயர் பார்த்துக்கொள்ளும். பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா, "அப்ப கரண்ட் போனா?" என்றாள்.

பிளக்கைச் செருகினேன். நான் வாசிக்கும் முன்பே நாதம் வந்துவிட்டது. ஒற்றைச் சுருள் பிக்கப் கம்பியின் அதிர்வோடு வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். இரண்டு சுருள்களை ஒன்றுக்கொன்று எதிராக வைத்து அந்த இரைச்சலை அடக்கும் வித்தையை கிப்சன் கம்பெனியின் சேத் லவர் 1955-லேயே கண்டுபிடித்துவிட்டார். சேதி என் கிடாருக்கு இன்னும் எட்டவில்லை. வால்யூம் குமிழைத் திருகினால் மழை நாளில் இலங்கை வானொலி பிடிக்கிற சத்தம். அதற்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே வாங்கி அடித்தேன், அடங்கியது.

அடங்காதது கழுத்து. முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் கம்பியை அழுத்திக்கொண்டால், நடுவே ஏழாவது ஃபிரெட்டின் மேல் கால் மில்லிமீட்டர் சந்து இருந்தால் போதும். ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைய வேண்டும். என் கிடாரில் எங்கள் ஸ்மார்ட் ரேஷன் கார்டு தாராளமாகப் போய்வந்தது. குற்றம் சொல்லவும் முடியாது. ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 38 கிலோ இழுக்கின்றன. ஒன்றரைச் சிப்பம் அரிசியை வருஷக்கணக்கில் சுமந்தால் யாருக்குத்தான் முதுகு வளையாது?

நிமிர்த்துவதற்குக் கழுத்துக்குள்ளேயே ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி இருக்கிறது. அதைத் திருக ஆலன் கீ வேண்டும். ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

"எந்த வண்டிக்கு சார்?"

"கிடாருக்கு."

"கியருக்கா? அதெல்லாம் நீங்க கை வெக்காதீங்க சார், மெக்கானிக்கை வரச் சொல்லுங்க."

மெக்கானிக் வராமலே திருகினேன். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. மரம் 'கிரீச்' என்றது. சாவியைக் கீழே வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். மறுநாள் இன்னொரு கால் சுற்று. மூன்றாம் நாள் விசிட்டிங் கார்டு உரசியது. 12-ம் ஃபிரெட்டில் கம்பியின் உயரத்தை 1.6 மில்லிமீட்டருக்கு இறக்கினேன். புதுக் கம்பி மாட்டும்போது ஒன்றாம் கம்பி அறுந்து கன்னத்தில் விழுந்தது. 0.009 அங்குலத் தடிமன்தான். அறை அதற்குச் சம்பந்தமில்லாத அளவில் இருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் மேலே போகப் போகச் சுருதி விலகியது. செல்போனில் ட்யூனரைத் தேடிக்கொண்டிருந்தபோது அடுக்களையிலிருந்து குரல் வந்தது: "மேல் ஸட்ஜமம் தூக்கலா இருக்கு. மேளம் விலகியிருக்குடா."

வீணையில் 24 மெட்டுகளும் மெழுகில் உட்கார்ந்திருக்கும். மெழுகு இளகி அவை நகர்ந்துவிட்டால், ஒவ்வொன்றையும் காதால் கேட்டுத் திரும்பப் பதிப்பார்கள். அதுதான் மேளம் கட்டுவது. கிடாரில் ஃபிரெட் மரத்தில் அறைந்தது, நகராது. அதனால் மறுமுனையில் கம்பி உட்காரும் சேடிலை நகர்த்துகிறார்கள். 12-ம் ஃபிரெட்டில் அழுத்திய ஸ்வரம் தூக்கலாக இருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளிக் கம்பியை நீட்ட வேண்டும். நான் ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்தேன், அம்மா கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே "இன்னும் கொஞ்சம்", "போதும், நிறுத்து" என்றாள். ஆறு கம்பியும் முடிந்தபின் ட்யூனரில் பார்த்தேன். முள் ஆறு தடவையும் நடுவிலேயே நின்றது.

"இப்ப வாசி" என்றாள்.

வாசித்தேன். கொத்தமல்லியை வைத்துவிட்டு முழுசாகக் கேட்டாள்.

"கிடார் நல்லா இருக்குடா" என்று சொல்லிவிட்டு எழுந்து குக்கரைப் பார்க்கப் போனாள்.

இரண்டு வாரமாக யோசித்ததில், கோளாறு அந்த இனாம் ஆம்ப்ளிஃபயரில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது பழைய ஆம்ப் விற்பதாக இருந்தால் சொல்லுங்கள். சின்னதாக ஒரு செட்-அப் தேவைப்பட்டாலும் பரவாயில்லை.