பார்ட்டிஷன்காரர்

கம்ப்யூட்டர் இன்னும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும். வாங்காததும் ஊருக்கே தெரியும். வேலந்தாவளம் டீக்கடையில் அவருக்குப் பக்கத்து ஸ்டூல் காலியாக இருந்தால், விஷயம் தெரிந்தவர்கள் நின்றுகொண்டே டீ குடிக்கிறார்கள் என்று அர்த்தம்.

உட்கார்ந்தால் தீர்ந்தது. சட்டைப் பையிலிருந்து தாள் வெளியே வரும். தினசரி காலண்டரில் கிழித்தது. பின்பக்கம் ஸ்கேல் வைத்துப் போட்ட நீளக் கட்டம்தான் வாங்கப்போகிற டிஸ்க், அதற்குள் குட்டிக் கட்டங்கள் பார்ட்டிஷன்கள்: விண்டோஸ் 200 ஜிபி, லினக்ஸ் 60, ஹோம் 300, ஸ்வாப் 16, மிச்சமெல்லாம் ‘பொது’. அழித்து அழித்து எழுதியதில் ஸ்வாப் இருக்கும் இடத்தில் தாள் ஓட்டையே விழுந்துவிட்டது.

“பாருங்ண்ணா, ஸ்வாப் 16 போதுமுங்களா, 32 ஆக்கிப்போடலாமுங்களா?”

உபுண்டு லினக்ஸ் 2017-லிருந்தே தனி ஸ்வாப் பார்ட்டிஷன் கேட்பதில்லை, ஒரு ஃபைலை வைத்துச் சமாளித்துக்கொள்கிறது என்று சொல்லிப் பாருங்கள். முகம் வாடிவிடும். ஒரு கட்டம் குறைகிறதே! பூஜை அறை வேண்டாம் என்றால் மனையடி சாஸ்திரக்காரர்கூட இப்படி வருந்தமாட்டார்.

அடுத்தது கூட்டல். 1 டிபி டிஸ்க் வாங்கினால் விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், விண்டோஸ் 1024 கணக்கில் எண்ணுகிறது. திருட்டு எதுவும் இல்லை. அதே டிஸ்க்கை உபுண்டுவில் பார்த்தால் முழு 1000 ஜிபி. ஆகவே நம்மவரிடம் இரண்டு தாள்கள். 931-க்கு ஒன்று, 1000-க்கு ஒன்று. ஒன்றில் திருத்தினால் மற்றதிலும் திருத்த வேண்டும். அவர் திருத்தி முடிக்கும்வரை நம் டீ ஆறிக்கொண்டிருக்கும்.

இரண்டு சிஸ்டம் எதற்கு என்று மட்டும் கேட்கக் கூடாது. படித்தது கேரளாவில், தமிழ் மீடியம். பள்ளிக் கம்ப்யூட்டரில் லினக்ஸ், ஐ.டி. பரீட்சையும் லினக்ஸிலேயே. வேலை பார்ப்பது கோவையில், பம்ப் கம்பெனி டிராயிங் செக்‌ஷனில். அங்கே ஆட்டோகேட், அதற்கு விண்டோஸ். இது நியாயமான காரணம். அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

போனில் மதர்போர்டு மேனுவல் வைத்திருக்கிறார். வாங்காத போர்டின் மேனுவல். சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்.எஸ்.டி. செருகினால் ஒரு சாட்டா போர்ட் வேலை செய்யாது. அந்தப் பக்கத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, காந்திபுரத்தில் கடை கடையாகக் காட்டிக் கேட்டிருக்கிறார். இப்போது அவர் தலை தெரிந்ததும் கடைப் பையன்கள் குடோனுக்குள் போய்விடுகிறார்கள். 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போக, ராமும் எஸ்.எஸ்.டி.யும் விலை ஏறின. நம்மவர் அசரவில்லை. “இறங்கட்டுமுங்க. அதுக்குள்ள பிளானை முடிச்சர்லாம்.”

ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட், கூடவே லினக்ஸ் வைத்திருந்த பல பேரைப் பூட் ஆகவிடாமல் நிறுத்திவிட்டது. ஒழலப்பதியில் ஒரு காலேஜ் பையனுக்கும் அதே கதி. ராத்திரி பத்து மணிக்கு மழையில் டிவிஎஸ் ஃபிப்டியில் போய், செக்யூர் பூட்டை அணைத்து, எல்லாவற்றையும் சரி செய்து, லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் ஐந்தரை மணி நேரம் பின்தங்கும் கடிகாரத்தையும் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தவர் இவர்தான். காசு வாங்கவில்லை. சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் இல்லாமலேயே இவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறார். அந்தப் பையனுக்கு அன்றைக்கு அவர் சாமி.

அந்தச் சாமியிடம்தான் கேட்கிறேன். வீட்டு பீரோவில் பழைய 500 ஜிபி ஹார்டு டிஸ்க் ஒன்று கிடக்கிறதே, கனெக்ட் செய்தால் ‘கடக் கடக்’ என்கிறதே, அதில்தானே உங்கள் மகளின் காதுகுத்துப் போட்டோ, செத்துப்போன அப்பாவின் ஒரே வீடியோ எல்லாம் இருக்கின்றன? அதற்கு வேறு நகல் இல்லை என்று உங்கள் வீட்டு அக்காவே சொன்னார்கள். வருகிற டிஸ்க்குக்கு இத்தனை கட்டம் போடுகிறீர்கள், இருக்கிற டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் இரண்டு தாளிலும் பேக்கப் என்று ஒரு வார்த்தை இல்லை. என்டிஎஃப்எஸ்ஸா, எக்ஸ்ட்4-ஆ என்று ஆரம்பிக்க வேண்டாம். கம்ப்யூட்டரை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை யாரிடமாவது ஒரு லேப்டாப்பை இரவல் வாங்கி, முதலில் அதைக் காப்பி எடுங்கள்.