மஞ்சள் முறுக்கு அணையும் வரை

எங்கள் தெருவுக்குக் காயலான் கடை வண்டி வந்தால் முதலில் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கும். ஒலிபெருக்கியில் “பழைய இரும்பு, பழைய பிளாஸ்டிக், ஓடாத ஃபேன், ஓடாத மிக்ஸி” என்று பதிவு செய்த குரல் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஓட்டிவந்தவர் இறங்கி, முருங்கை மரத்தடியில் நிற்கும் எங்கள் இண்டிகாவை ஒரு சுற்று சுற்றி வருவார், பெண் பார்க்க வந்தவர் மாதிரி.

“எடைக்குப் போட்டா 28 ஆயிரம் தரேன் சார். தூக்கிட்டுப் போற செலவு என்னுது.”

வண்டி சுமார் ஒரு டன். அவர் கணக்கில் தப்பு இல்லை. உள்ளேயிருந்து அம்மா, “குடுத்துத் தொலைங்களேன், முருங்கைக்காய் பறிக்கவாவது இடம் கிடைக்கும்” என்பார். அப்போது அப்பா ஈசிசேரிலிருந்து எழாமலேயே சொன்ன ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரைக்கும் என் வங்கிக் கணக்கின் இன்றைய நிலைக்கும் காரணம்.

“ஓடுற வண்டிடா அது.”

ஏழு வருடமாக ஓர் அங்குலம் நகராத வண்டியைப் பற்றித்தான் சொன்னார்.

அப்பா அதை வாங்கியது 2008இல். வீடு ஐயப்பன்தாங்கலில், வேலை ஸ்ரீபெரும்புதூர் பக்கம். டீசல் கார் என்பது அந்தக் காலத்தில் வாகனம் அல்ல, கணக்கு. 2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு ஏறக்குறைய 30 ரூபாய் வித்தியாசம் இருந்தது. அந்த வருடம் அப்பா தெருவில் நடந்த நடையே வேறு. பெட்ரோல் கார் வைத்திருந்த பக்கத்து வீட்டு மாமாவைப் பார்த்தால் துக்கம் விசாரிக்கும் தோரணையில் தலையசைப்பார். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை முழுதாக எடுத்தார்கள். நடை பழையபடி ஆனது.

80 பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தார். டீசல் போட்ட தேதி, லிட்டர், மீட்டர் எண், வகுத்து வந்த விடை. என் பிறந்த நாளை அவர் ஒரு வருடமும் நினைவில் வைத்திருந்ததில்லை. ஆனால் 2011இல் வேலூர் போய்வந்தபோது வண்டி 18.2 கொடுத்ததைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நோட்டின் கடைசிப் பதிவு 2018. மீட்டரில் 2,43,618. அந்த வருடம் அவர் ஓய்வு பெற்றார். அதே வருடம் இண்டிகா தயாரிப்பையும் நிறுத்தினார்கள். “நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா ரிடையர் ஆனோம்” என்பார், கம்பெனி தன்னைக் கலந்துகொண்டுதான் முடிவெடுத்தது போல.

இண்டிகாவை இளக்காரமாக நினைப்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. 1998இல் டெல்லிக் கண்காட்சியில் அதைக் காட்டியபோது நாடே திரும்பிப் பார்த்தது. உருவம் வரைந்து கொடுத்தது இத்தாலியில் டூரின் நகரத்து நிறுவனம். ஆஸ்திரேலியாவில் நிசான் மூடிப் போட்டிருந்த ஆலையை வாங்கி, கழற்றி, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து புனேயில் பூட்டித்தான் இந்தக் காரைச் செய்தார்கள். ஆக, வண்டி பிறந்த ஆலையே செகண்ட் ஹேண்ட். பழையதைக் கழற்றிப் பூட்டுவது அதன் ரத்தத்தில் இருக்கிறது. 2003இல் இங்கிலாந்துக்கு அனுப்பி ரோவர் என்று பெயர் சூட்டி விற்றுக்கூடப் பார்த்தார்கள். எங்கள் தெரு நாய்க்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. அதற்கு இடது பின் சக்கரம் போதும்.

வண்டி கெட்டது வண்டியின் குற்றமில்லை, எங்கள் குற்றம். மேலே முருங்கை, அதில் கம்பளிப்பூச்சி. கீழே தண்ணீர். தாங்கல் என்றால் சிறிய ஏரி. பெருமழை வந்தால் எங்கள் ஊர் தன் பெயரை நினைவுபடுத்திக்கொள்ளும். 2015 டிசம்பரில் ஒருமுறை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் போது இன்னொரு முறை, வண்டிக்குள் கால் வைக்கும் இடம் வரை தண்ணீர் வந்து போனது.

அப்பாவின் வாக்கியத்தைக் கேட்டு ரோஷப்பட்டு, காட்டுப்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தேன். தெருவே அவரை பாய் என்றுதான் கூப்பிடும். பேனட்டைத் திறந்தார். ஒரு நிமிடம் பேசவில்லை.

“சார், குடித்தனம் இருக்கு.”

பேட்டரிக்கும் ஏர் ஃபில்டருக்கும் நடுவில் எலி கூடு கட்டியிருந்தது. கூட்டின் மெத்தை, பின் சீட்டிலிருந்து பிய்த்த பஞ்சு. சுவர், வயரிங்கின் தோல். எங்களைவிட அதுதான் வண்டியை முறையாகப் பயன்படுத்தியிருக்கிறது. அடுத்து டீசல் டாங்க்கின் அடியிலிருந்து ஒரு பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். மேலே தேன் நிறம், நடுவில் கறுப்பு, அடியில் தண்ணீர். “இது டீசல் இல்ல சார், கஷாயம்.”

கார்பெட்டைக் கழற்றிய அன்றைக்குத்தான் வீட்டில் எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். கீழடியில்கூட இவ்வளவு தெளிவாக அடுக்குகள் கிடைத்திருக்குமா தெரியாது. மேல் அடுக்கு, 2023இன் சாம்பல் வண்டல். அதன்கீழ் ஒரு பிஸ்கட் உறை. அதன்கீழ் 2015இன் செம்மண், செங்கல் போல இறுகியது. அதற்குள் 50 பைசா நாணயம் ஒன்று, என் தங்கையின் ஒற்றைக் கொலுசு, உடைந்த ஹேர்கிளிப். கொலுசைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அது தொலைந்ததற்காக அந்தக் காலத்தில் வேலைக்கார அம்மாவைச் சந்தேகப்பட்டு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாராம்.

“டைமிங் பெல்ட் எப்ப மாத்துனீங்க?” என்றார் பாய். அப்பா நோட்டைப் புரட்டி, “1,71,400. 2014” என்றார். பாய் என்னைப் பார்த்தார், டாக்டர் நோயாளியை விட்டுவிட்டு உறவினரைப் பார்ப்பது போல. என்ஜினுக்குள் பிஸ்டன் மேலே வரும்போது வால்வு விலகியிருக்க வேண்டும், வால்வு இறங்கும்போது பிஸ்டன் கீழே போயிருக்க வேண்டும். இரண்டுக்கும் முறை வைத்துக் கொடுப்பது இந்த ரப்பர் பட்டை. அது அறுந்தால் குழாயடிச் சண்டைதான், ஒரு குடமும் முழுசாக வீடு திரும்பாது. கழற்றிய பட்டையைப் பாய் பின்பக்கமாக வளைத்துக் காட்டினார். பொரித்த அப்பளம் மாதிரி வரிவரியாக விரிசல். அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு பத்தாயிரம் கிலோமீட்டர் வரும்” என்றார்.

செல்ப் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. துடைத்துப் பார்த்தால் மேலே லூகாஸ் டி.வி.எஸ். என்ற பெயர். பாடியில், இங்கிருந்து அரை மணி தூரத்தில், 1960களின் தொடக்கத்திலிருந்து இருக்கும் கம்பெனி. பாடியில் பிறந்து, புனேயில் வாழ்க்கைப்பட்டு, ஐயப்பன்தாங்கலுக்கு வந்து சேர்ந்த பெண். யோசித்தால் இந்தப் பக்கமே காருக்குத் தாய்வீடுதான். பிரேக்கும் சக்கரமும் பாடியில் செய்கிறார்கள், பிரேக் லைனிங் அம்பத்தூரில், ஆவடிக்குப் போனால் பீரங்கி வண்டியே செய்கிறார்கள். இவ்வளவு சொந்தபந்தம் சுற்றியிருந்தும் ஒரு கைப்பிடிக்கு நான் பட்ட பாடு இருக்கிறதே.

கண்ணாடியை ஏற்றி இறக்கச் சுற்றும் கைப்பிடியைச் சொல்கிறேன். நான்கு கதவுக்கும் சேர்த்து எங்களிடம் மிஞ்சியது ஒன்று. அதைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொள்கிறோம். வெளியூர் போகும்போது விபூதித் தட்டு மாதிரி கை மாறிக்கொண்டே இருக்கும். பின்னாலிருந்து மனைவி, “என்னங்க, அந்தக் கைப்பிடியைக் கொஞ்சம் குடுங்க, குழந்தைக்குக் குமட்டுதாம்” என்பாள். அந்த நேரம் பார்த்து எனக்கு டோல்கேட் வந்துவிடும்.

புதுப்பேட்டைக்குப் போனேன். தெரியாதவர்களுக்கு: எழும்பூர் பக்கத்தில், கார்கள் மோட்சம் அடைகிற தெருக்கள். ஒரு கடையில் கியர் பாக்ஸ் மட்டும் மலை மலையாக, அடுத்ததில் ஸ்டியரிங் மாலை மாலையாக, அதற்கடுத்ததில் சீட் மட்டும் அடுக்கி அதன்மேல் முதலாளி படுத்திருப்பார். ஹெட்லைட், லோயர் ஆர்ம், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிட்டன. கைப்பிடி கேட்டேன். கடைக்காரர் ஒரு முழுக் கதவை இழுத்து வெளியே நிறுத்தினார். அதில் கைப்பிடி இருந்தது.

“கைப்பிடி மட்டும் குடுங்கண்ணே.”

“அதைக் கழட்டிட்டா இந்தக் கதவை யாரு சார் வாங்குவான்?”

கதவு 2,500 ரூபாய். மூன்று கைப்பிடிக்கு மூன்று கதவு. வாங்கினால் வீட்டில் என்னை எந்தக் கதவு வழியாகவும் விடமாட்டார்கள் என்று திரும்பிவிட்டேன்.

வண்டி கிளம்பிய நாளைச் சொல்ல வேண்டும். டீசல் வண்டியில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தி அழுத்தியே அதைச் சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் பற்றிக்கொள்ளும். ஆனால் குழாயில் கொஞ்சம் காற்று புகுந்தால் போதும், கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி எதற்கும் அசையாது. பாய் கைப்பம்பை அமுக்கி அமுக்கிக் காற்றை எடுத்தார். நாசிலைச் சுத்தம் செய்தாயிற்று, ஹீட்டர் பிளக் நான்கும் புதுசு. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். சாவியை ஒரு திருப்பு. மீட்டருக்குப் பக்கத்தில் மஞ்சளாய் ஒரு சுருள் எரிந்தது. ஹீட்டர் விளக்கு. எங்கள் வீட்டில் அதற்கு முறுக்கு என்று பெயர். சின்ன வயதிலிருந்து எனக்குப் போதிக்கப்பட்ட ஒரே கார் சாஸ்திரம் அதுதான்: முறுக்கு அணையாமல் சாவியைத் திருப்பாதே. மே மாதத்து 40 டிகிரியிலும் அப்பா அதற்காகக் காத்திருப்பார்.

முறுக்கு அணைந்தது. திருப்பினார். இரண்டு இருமல், ஒரு குலுக்கல், பிறகு தெரு முழுக்க வெள்ளைப் புகை. எதிர் வீட்டு அக்கா கொடியில் காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு ஓடினார். கொசு மருந்து வண்டி வந்துவிட்டதென்று பிள்ளைகள் நாலு பேர் பின்னாலேயே ஓடி வந்தார்கள். புகை கலைந்தபோது என்ஜின் சீராகத் தடதடத்துக்கொண்டிருந்தது. அப்பா என்னைப் பார்க்கவில்லை, பாயைத்தான் பார்த்தார். “நான்தான் சொன்னேனே, ஓடுற வண்டின்னு.”

அன்று மாலை நல்ல மனநிலையில் இருந்தார் என்று, 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் டீசல் என்ஜின் ஒன்றைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள் என்ற செய்தியைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. “கடலை எண்ணெய் இன்னிக்கு என்ன விலை விக்குது, தெரியுமா உனக்கு?”

ஓடியதோடு விட்டிருக்கலாம். எனக்குள் இருந்த சனி, கொஞ்சம் நவீனமாக்கலாமே என்றது. 9 அங்குலத் தொடுதிரை, ரிவர்ஸ் கேமரா, எல்.இ.டி. விளக்கு. இப்போது வண்டியைவிட வண்டிக்குள் இருக்கும் டிவி புத்திசாலி. ரிவர்ஸ் கியர் போட்டால் பாட்டு நின்று, பின்னால் நாய் காலைத் தூக்குவது வண்ணத்தில் தெரிகிறது. பவர் விண்டோவும் போட்டுவிடலாம் சார் என்றார் கடைக்காரர். பழைய வயரிங் தாங்காது என்று பாய் கையெடுத்துக் கும்பிட்டார்.

எவ்வளவு மாற்றினாலும் நிறம் வெள்ளை. சென்னையில் வெள்ளை இண்டிகா என்றால் கால் டாக்ஸி. ஐயப்பன்தாங்கல் டிப்போ எதிரில் மனைவிக்காக நிறுத்தியிருந்தேன். பின் கதவு திறந்தது. கீரைக்கட்டும் பையுமாக ஒரு பாட்டி ஏறி உட்கார்ந்து, “போரூர் சிக்னல்பா, ஏ.சி. வேணாம், எனக்கு ஆவாது” என்றார். விளக்கிச் சொல்ல நேரமில்லை, பின்னால் 12 ஹாரன். போரூரில் இறங்கும்போது 20 ரூபாயை என் கையில் திணித்தார். ஊர் சுற்றிக்கொண்டு திரும்பி வந்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. அப்பாவிடம் சொன்னேன். அந்த 20 ரூபாயை நோட்டில் வரவு வைத்தாரா என்பதை நான் இன்னும் பார்க்கவில்லை.

செலவுப் பக்கம் எனக்குத் தெரியும். மொத்தம் 1,18,000. இதில் 15 வருடம் முடிந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 5,000 அடக்கம். 2022 ஏப்ரலுக்கு முன்னால் வெறும் 600 ஆக இருந்தது. எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து வருட ஆயுள் வாங்கியிருக்கிறேன். டெல்லியில் பிறந்திருந்தால் 10 வயதைத் தாண்டிய டீசல் வண்டி என்று இதை எப்போதோ ஒதுக்கியிருப்பார்கள்.

ஒரு ராத்திரி உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன். 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைத்த பிறகும் சென்னையில் பெட்ரோல் 100ஐத் தாண்டி, டீசல் 92ஐத் தாண்டி. 30 ரூபாய் வித்தியாசம் 8 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. என் வண்டி இப்போது 16.4 கொடுக்கிறது. 14 கொடுக்கும் பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேல் மிச்சம். போட்ட காசு திரும்ப 75,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். நான் மாதம் 400 ஓட்டுகிறேன். 15 வருடம் 7 மாதம். அப்போது வண்டிக்கு 33 வயது. நோட்டில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். “16.4 எப்படி வரும்? நீ முறுக்கு அணையறதுக்குள்ள ஸ்டார்ட் பண்றே.”

காயலான் கடைக்காரர் போன வாரமும் வந்தார். வண்டி கழுவி நின்றதைப் பார்த்துவிட்டு, “30 ஆயிரம் வச்சுக்கலாம் சார்” என்றார். துடைத்ததற்கு 2,000 கூடியிருக்கிறது.

இதைப் படிப்பவர்கள் யாரிடமாவது, பரணிலோ டூல்ஸ் பெட்டியிலோ, பழைய இண்டிகாவின் கண்ணாடிக் கைப்பிடி கிடந்தால் தயவுசெய்து தெரியப்படுத்துங்கள். மூன்று வேண்டும், சாம்பல் நிறமாக இருந்தால் நல்லது. கதவு வேண்டாம்.