எழுதிப் பார்க்க ஓர் இடம்

எண்பதுகளில் வாரப் பத்திரிகைக்குக் கதை அனுப்புவதென்றால் முழு வெள்ளைத்தாளில், ஒரு பக்கம் மட்டும், மார்ஜின் விட்டு எழுத வேண்டும். கூடவே தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறை. மாதக்கணக்கில் காத்திருந்தால் அந்த உறை திரும்பி வரும், உள்ளே பிரசுரிக்க இயலாமைக்கு வருந்தும் அச்சடித்த சீட்டோடு. ஏன் இயலவில்லை என்று அதில் இருக்காது. பிரசுரமான கதைக்கும் அதே கதிதான். பெயரை அச்சில் பார்த்துத் தெருவே பாராட்டும். மூன்றாம் பத்தி தொய்கிறது என்று சொல்ல ஆளிருக்காது.

அப்படிச் சொல்கிற இடமாகச் சிறுபத்திரிகைகள் இருந்தன. அதற்கும் முன்பே, சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’ 1970 வரை வந்தது. கதைகளால் ஏற்கெனவே அறியப்பட்டிருந்த சுந்தர ராமசாமி, பசுவய்யா என்ற பெயரில் கவிதை எழுதிப் பார்த்தது அங்கேதான். கிடைத்த பெயரை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாகப் பழக வந்த அந்தத் துணிச்சல் எனக்கு இன்றும் பெரிதாகப் படுகிறது. ஆனால் சிறுபத்திரிகைகள் எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைக்கு வந்ததில்லை.

இன்று இணையத்தில் எழுதுகிறேன். “எத்தனை வியூஸ் போச்சு?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அந்த எண்ணை நான் பார்ப்பதில்லை. எனக்கு வேண்டியது வேறு. நெசவாளர் தெருவை வைத்து ஒரு கதை போட்டேன். படித்த நெசவாளர் ஒருவர் எழுதினார்: “சார், கஞ்சி போட்ட பாவு நூலை விடியற்காலையிலயே தெருவுல நீட்டிடுவோம். வெயில் ஏறிட்டா நூல் விறைச்சு அறுந்துபோகும்.” அந்த அவசரம் கதைக்குள் வந்ததும் அதன் நடையே மாறிவிட்டது. நாயகியின் கண்களில் சோகம் குடிகொண்டிருந்ததாக எழுதியிருந்த வரியை எடுத்தேன். ‘அறுந்த இழையை முடிந்துகொண்டே, அண்ணன் கடிதம் வந்ததா என்று கேட்டாள்’ என்று போட்டேன். அந்தக் காலத்துச் சீட்டு ஒன்றும் இதைச் சொல்லித் தந்திருக்காது.

நூறு பேர் கட்டைவிரல் காட்டுவதைவிட, பாதியில் நிறுத்திய ஒருவர் எந்த இடத்தில் நிறுத்தினார் என்று சொல்வது எனக்குப் பெரிய உதவி. அதனால் ஒவ்வொரு கதைக்கும் கீழே அதை மட்டும்தான் கேட்கிறேன்.

இப்போது உரையாடலைப் பழகுகிறேன். கோவைப் பக்கத்து மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளும் ஒரு பக்கத்தைப் போட்டிருக்கிறேன். “எங்கூர்ல மாமியாகிட்ட இத்தன நேரா பேச மாட்டோமுங்க” என்று அவிநாசியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். இன்றிரவு அந்த மருமகளின் பேச்சை முதலிலிருந்து எழுத வேண்டும்.