கட்டிலில் படுத்திருந்த எக்ஸாமினர்

கொமரலிங்கத்தில் என் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கொழுமம் வரைக்கும் பாதிக் குழந்தைகள் அவர் கையில் விழுந்தவைதான். எந்தப் பரீட்சையும் அவர் எழுதியதில்லை. அவருக்காகவும் சேர்த்துத்தான் 1926-லேயே மதராஸ் மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்திருந்தது என்றால் நம்பியிருக்க மாட்டார். சட்டம் சென்னையிலிருந்து புறப்பட்டு உடுமலை வரைக்கும் வந்திருக்கலாம். அங்கிருந்து கொமரலிங்கத்துக்கு அன்றைக்கு பஸ் கிடைத்திருக்காது.

நர்சுகளைப் பதிவேட்டில் சேர்க்கும் இந்தச் சட்ட விவகாரமே வேடிக்கையானது. நியூசிலாந்து 1901-ல் சட்டம் போட்டுவிட்டது. இங்கிலாந்தில் மட்டும் 30 வருஷச் சண்டை. நர்சுகளுக்குப் பரீட்சையும் பதிவேடும் வேண்டும் என்று நின்றவர் எதெல் பெட்ஃபோர்ட் ஃபென்விக். வேண்டாம் என்றவர் யார் தெரியுமா? சாட்சாத் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். நல்ல நர்சின் குணத்தைக் கேள்வித்தாளில் அளக்க முடியாது என்பது அந்த அம்மாவின் கட்சி. கடைசியில் 1919-ல் சட்டம் வந்தது, 1921-ல் பதிவேடு திறந்தது. முதலாம் எண் ஃபென்விக் அம்மையாருக்கே! ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்குப் பரீட்சை இல்லை, அனுபவமும் நன்னடத்தையும் போதும் என்று 1923 வரைக்கும் கதவைத் திறந்து வைத்தார்கள். முதல் அரசுத் தேர்வு நடந்தது 1925-ல். ஆக, பரீட்சை வேண்டும் என்று போராடிய தலைமுறை பரீட்சை எழுதவில்லை. பின்னால் வந்த சின்னப் பெண்கள்தான் எழுதினார்கள். ரேஷன் கடை வரிசையில் இப்படி நடந்திருந்தால் கைகலப்பே வந்திருக்கும்.

நம் பக்கம் மிஷன் ஆஸ்பத்திரிகள் முந்திக்கொண்டன. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் ஆஸ்பத்திரியில் 1909-லேயே நர்சிங் பள்ளி. 1946-ல் வேலூரிலும் டெல்லியிலும் பட்டப்படிப்பே தொடங்கிவிட்டது. மறு வருஷம் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம். நாடு முழுக்கப் பயிற்சி ஒரே தரத்தில் இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

நான் நர்சிங் பரீட்சை எழுதியது எழுபதுகளில், ஒரு ஆஸ்பத்திரியோடு சேர்ந்த பள்ளியில். எழுத்துத் தேர்வை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பயமெல்லாம் பிராக்டிகல்தான். வெளியூரிலிருந்து எக்ஸாமினர் வருவார். மொட மொடவென்று கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, நெஞ்சில் குத்திய கடிகாரம். எங்களிடம் அவர் பேச மாட்டார். விரிப்பின் மூலை மடிப்பை மட்டும் தூக்கிப் பார்ப்பார். பாதரசத் தெர்மாமீட்டரை உதறும்போது மணிக்கட்டைப் பார்ப்பார். கண்ணாடி சிரிஞ்சை வேகவைத்து இடுக்கியால் எடுக்கும்போது அது விளிம்பில் பட்டு 'டிங்' என்றால் தீர்ந்தது.

எனக்கு வந்த கேஸ், படுத்த நோயாளிக்கு உடம்பு துடைத்துவிடுவது. கட்டிலில் இருந்தவர் பழனிப் பக்கத்துப் பாட்டி. தொடை எலும்பு முறிந்து மாசக்கணக்கில் அதே வார்டில் கிடந்ததால், எனக்கு முன்னால் போன பெண்களின் பரீட்சையெல்லாம் அவர் மேல்தான் நடந்திருந்தது. நான் துணியை நனைத்துக்கொண்டு நேராகக் கிட்டே போனேன். பாட்டி கண்ணை மூடியபடியே முணுமுணுத்தார்: "ஏங் கண்ணு, மொதல்ல தட்டிய இழுத்து வெக்கோணும். முந்தி வந்த புள்ள அதுலதான் கோட்டை உட்டுது."

தடுப்புத் திரையை இழுத்தேன். அடுத்து முகம், அப்புறம் கை, தண்ணீர் மாற்றுவது என்று ஒவ்வொன்றுக்கும் பாட்டி லேசாக முனகிக்கொண்டே இருந்தார். எக்ஸாமினர் குனிந்து, "வலிக்குதுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்கம்மா, இந்தப் புள்ள கை நல்ல பதமுங்க" என்றார் பாட்டி. பாஸ்! அன்றைக்கு மதிப்பெண் போட்டது அந்த வெள்ளைப் புடவை இல்லை என்பது என் அபிப்பிராயம். பாஸ் ஆன கையோடு வேலையும் கிடைத்தது. கவுன்சில் பதிவு எண் ஆயுளுக்கும் கூட வந்தது.

இப்போது என் மகள் வயிற்றுப் பேத்தி பி.எஸ்.சி. நர்சிங். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத் தேர்வு. மேஜை மேஜையாக நகர்ந்து, மணி அடிப்பதற்குள் ஒவ்வொரு வேலையையும் செய்து காட்டும் 'ஆஸ்கி'க்கு ரப்பர் பொம்மையிடம் பழகுகிறாள். "அம்மிச்சி, பொம்மைகிட்டயும் பேர் சொல்லி, ஊசி போடலாமான்னு சம்மதம் கேக்கோணுங்க, இல்லீன்னா மார்க் போயிரும்" என்கிறாள். பேசாத பொம்மையிடம் சம்மதம் கேட்கிறார்கள். எங்கள் காலத்தில் பேசும் பாட்டியிடம் ஒருத்தியும் கேட்டதில்லை. இந்த ஒரு விஷயத்தில் இன்றைய பாடத்திட்டத்துக்குத்தான் என் ஓட்டு.

கேஸ் புக் கதை வேறு. நாங்கள் 20 பிரசவம் பார்த்து எழுத வேண்டும். ராத்திரி டியூட்டியிலேயே பாதி முடிந்துவிடும். இப்போது ஒரு பிரசவத்தைச் சுற்றி எத்தனையோ கல்லூரிப் பெண்கள். ஒரே குழந்தை பல கேஸ் புக்கில் பிறக்கிறது என்று கேள்வி.

படித்து முடித்தாலும் பரீட்சை விடுவதாக இல்லை. அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். 2015-ல் 7,243 இடங்களுக்குத் தேர்வு வைத்தார்கள். ஜெயித்தவர்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். நிரந்தரம் கேட்டு அவர்கள் 2017-ல் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தது பலருக்கு நினைவிருக்கும். வெளிநாடு போக ஆங்கிலத் தேர்வு. அமெரிக்கா என்றால் என்க்ளெக்ஸ் என்ற உரிமத் தேர்வு. அதில் கம்ப்யூட்டரே எக்ஸாமினர். நாம் சொல்லும் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். குறைந்தது 85 கேள்வி, அதிகம் 150. நடுவில் அதற்கு ஒரு முடிவு தெரிந்துவிட்டால் அத்தோடு நிறுத்திவிடும். பாஸா ஃபெயிலா என்று அங்கே வாய் திறக்காது. எங்கள் வெள்ளைப் புடவை எக்ஸாமினர் இதைவிடக் கலகலப்பானவர்.

எங்கள் ஊரில் நர்சிங் முடித்த பெண் ஒருத்தி விடியற்காலையில் மில் வேன் ஏறுகிறாள். தனியார் ஆஸ்பத்திரிச் சம்பளத்தைவிட அது மேல் என்கிறாள். எங்களுக்குப் பரீட்சை கொஞ்சம், வேலை நிச்சயம். இவர்களுக்கு வேலைதான் கொஞ்சம்.

பரீட்சை பயமே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் ஒரு வருஷ 'நர்சிங்' வகுப்பு. எல்லோரும் பாஸ், பட்டமளிப்பு அங்கி, போட்டோ எல்லாம் உண்டு. பதிவு எண் மட்டும் கிடையாது. பெண்ணைச் சேர்க்கப் பணத்தோடு போகும் அப்பாக்களே, அம்மாக்களே, ஃபீஸ் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: "இந்தப் படிப்புக்குத் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு எண் தருமுங்களா?" பதில் வழவழவென்று வந்தால் பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.